'நாம்' போய் 'நாங்கள்' வந்த கதை

அவைக்குத் தலைமை தாங்கி, இந்தப் பெண் எப்போது முடிப்பாளோ என்று இப்போதே கவலைப்படும் நூலகர் அம்மா அவர்களே! புதுப்பாதை போட்டுவிட்டேன் என்று புன்னகையோடு வீற்றிருக்கும் 'எட்டுக்கை' படக்கதை இதழின் புதிய ஆசிரியர் ஐயா அவர்களே! தலை நரைத்தும் தாளை விடாத வாசகப் பெரியோர்களே! பிள்ளைக்கென்று வாங்கித் தாமே முதலில் படித்துவிடும் தாய்மார்களே! என் இரு கைகளையும் கூப்பி, அன்பை வணக்கமாக்குகிறேன்.

பின்வரிசை அண்ணன் அதற்குள் கைதட்டுகிறார். பொறுங்கள் அண்ணா, நான் இன்னும் திட்டவே தொடங்கவில்லை.

எட்டுக்கை யார்? நான்கு வீரர்கள், எட்டுக் கைகள். தீயை ஏந்தும் தீக்கை, பாரத்தைத் தாங்கும் பாறைத்தோளன், புயலைப் புரட்டும் காற்றுக்காரி, கண்ணில் படாத நிழலாள். எனக்குப் பல் விழுந்த வயதில் இவர்களைப் படிக்கத் தொடங்கினேன். இன்று என் மகளுக்குப் பல் விழுகிறது. அவர்களில் ஒருவருக்கும் ஒரு பல் ஆடவில்லை. அதுவல்லவோ வீரம்!

அன்று எங்கே இருந்தார்கள்? தெருவில் இருந்தார்கள்! பாலம் சரிந்தது, பாறைத்தோளன் தோள் கொடுத்தான். அந்தத் தோளுக்கும் பாலத்துக்கும் நடுவே ஒரு தையல்காரர் துணிமூட்டையைச் செருகி, "உறுத்தாம இருக்கட்டும் தம்பி" என்றார். தீக்கை மழையில் அணைந்தான், ரொட்டிக்கடைக்காரர் தன் அடுப்பிலிருந்து கொள்ளி நீட்டினார். கடைசிப் பக்கத்தில் வீரரும் தையல்காரரும் ரொட்டிக்கடைக்காரரும் படிக்கிற நம்மை நேருக்கு நேர் பார்த்து முழங்குவார்கள்: "நாம் இருக்கிறோம்!"

இன்று? தெருவை விட்டார்கள், தரையை விட்டார்கள், மேகத்துக்கு மேலே கண்ணாடி மாளிகையில் குடியேறிவிட்டார்கள். வண்ணம் வெளுத்தது, வாய்ச்சண்டை கொழுத்தது. ஊர் எரிவது இரண்டே கட்டம்; யார் தலைவர் என்ற கூட்டமோ பக்கம் பக்கமாக! தீ மூட்ட அனுமதி கேட்டு வரிசையில் நிற்கிறான் தீக்கை. என் கணவர் புரட்டிப் பார்த்தார். "இது எங்க ஆபீஸ்மா. தினமும் அங்கதானே போறேன், வீட்டுக்கும் எதுக்குக் கொண்டு வர்ற?" என்றார்.

அதையும் பொறுத்தேன். பொறுக்க முடியாதது கடைசிப் பக்கம். மாடத்தில் நால்வரும் நமக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். மேலே ஒரு வரி: "நாங்கள் இருக்கிறோம்!"

சபையோரே, 'நாம்' எங்கே, 'நாங்கள்' எங்கே? நாம் சாப்பிடலாம் என்றால், தட்டை எடு என்று பொருள். நாங்கள் சாப்பிடப் போகிறோம் என்றால், நீ கிளம்பு என்று பொருள். இரண்டும் பன்மைதான். ஆனால் ஒன்றில் நமக்கு நாற்காலி இருக்கிறது, இன்னொன்றில் கதவு இருக்கிறது!

என் மகளை வீட்டில் எலிக்குட்டி என்போம். சறுக்குமரத்தின் உச்சியிலிருந்து குதித்துக் கையை முறித்துக்கொண்டாள். பறக்கப் பார்த்தாளா என்று கேட்காதீர்கள்; பார்த்தாள். மாவுக்கட்டு போட்டார்கள். அவள் அழவில்லை, கட்டின்மேல் நால்வரையும் வரைந்து, "இது ஒன்பதாவது கை" என்றாள். அழுதது நான். கட்டுக்குள் எறும்பு புகுந்திருக்குமோ? எலும்பு கோணலாய்க் கூடுமோ? தூங்குகிறாளா, மயங்கிவிட்டாளா? பெற்றவளைப் பயமுறுத்தத் தனியாக வில்லன் வேண்டுமா?

எலும்பு நேராகவே கூடியது. கட்டைப் பிரிக்கப் போனோம். விதியைப் பாருங்கள், முந்தின நாள்தான் 'நாங்கள்' போட்ட அந்தப் புதிய இதழ் வந்திருந்தது! ரம்பம் 'கிர்ர்ர்' என்றதும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"எட்டுக்கை இருக்காங்கடா கண்ணு."

"அவங்க வீட்டுல அவங்க இருக்காங்க. நான்தான் இங்க தனியா இருக்கேன்."

டாக்டர் நல்ல மனுஷி. குனிந்து, கன்னத்தைத் தட்டி, தேன் ஒழுகச் சொன்னார்: "பயப்படாதம்மா, நாங்க இருக்கோம்ல!"

"அம்மா! இவங்களும் 'நாங்க'தான்!"

அந்த அலறலில் பக்கத்து அறை நோயாளி நடக்கத் தொடங்கிவிட்டாராம். கட்டோடு போனோம், கட்டோடு திரும்பினோம்.

சிரியுங்கள், நானும் சிரித்தேன்; வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தும்வரை. நாளைக் காலை மறுபடி போக வேண்டும். இனியும் கட்டு கிடந்தால் முழங்கை இறுகிவிடும் என்கிறார் டாக்டர். வற்புறுத்திப் பிடித்து வெட்டலாம். நான்கு பேர் பிடித்தால் எட்டுக் கை! என் பிள்ளையைப் பிடித்து அழுத்தவா, ஐயா, எட்டுக் கை?

மாளிகை கட்டுங்கள், மறுக்கவில்லை. மேகத்தில் மிதந்துகொள்ளுங்கள், தடுக்கவில்லை. கூட்டம் போடுங்கள், கொட்டாவி விட்டாவது படிக்கிறோம். அந்த ஒரு சொல்லை மட்டும் திருப்பித் தாருங்கள்!

ஐயா எழுகிறார். இதோ மைக்.

"அம்மாவோட வருத்தம் புரியுது. கண்டிப்பா நாங்க யோசிக்கிறோம்."

எல்லாரும் ஏன் சிரிக்கிறீர்கள்? பாவம், அவருக்குப் புரியவில்லை. யாரது, மூன்றாம் வரிசையில் நாற்காலிமேல் ஏறி நிற்பது? எலிக்குட்டி, இறங்கு! விழுந்தால் மிச்சக் கையும்...

"நானும் யோசிக்க வரட்டா?"

ஐயா, கேள்வி உங்களுக்கு.

"வா பாப்பா. வா... நாம யோசிக்கலாம்."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு?"

"அதுக்கு... அந்த ரம்பச் சத்தம்னா எனக்குக் கொஞ்சம்..."

"பயமா?"

"ஆமா பாப்பா."

"அப்ப என்னோட இந்தக் கையைப் பிடிச்சுக்கோங்க. இதுல கட்டு இல்ல."

சபையோரே, எழுதி வந்ததில் இன்னும் பாதி இருக்கிறது. அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். கேட்டிருந்த செவிகளுக்கும், சிரித்த வாய்களுக்கும், என் பிள்ளையை இப்போது நாற்காலியிலிருந்து இறக்கிவிடும் அந்தப் புண்ணியவதிக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா, காலை ஒன்பது மணி, எலும்பு முறிவுப் பிரிவு வாசல். வெறும் வயிற்றோடு வராதீர்கள், மயக்கம் வரும்.

எல்லாருக்கும் வணக்கம். நாம் போய்விட்டு வருகிறோம்!