இடுப்பளவுத் தண்ணீர்

போடிநாயக்கனூர் வெயில் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, ஐயா. பதினோரு வருஷமாக மலையில் இருந்து உடம்பு ஈரத்துக்குப் பழகிவிட்டது. இந்த ஸ்டேஷன் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் நிதானமாகச் சொல்வேன்.

பெரியாற்றில் அணை கட்டியபோது காட்டை அப்படியே முழுகவிட்டார்கள். மரங்கள் நின்ற வாக்கில் தண்ணீருக்குள் இருக்கின்றன. ஏலக்காய் மூட்டைகளையும் ஆட்களையும் ஏற்றி வரும் தோணிகள் அந்த மர உச்சிகளில் ஏறிச் சிக்கிக்கொள்ளும். இழுத்து விடுவிப்பது என் வேலை. முன்னால் இழுத்தால் அடிப்பலகை கிழியும். ஏறிய வழியே பின்னுக்கு இழுக்க வேண்டும். கயிற்றுக்காரர் என்று கூப்பிடுவார்கள். அதற்கு முன் குரங்கணிப் பாதையில் தலைச்சுமை தூக்கினேன். அப்போது என் பெயர் "ஏய்".

சிக்காத வழியைக் காட்ட, வெளியே தெரியும் மொட்டை மரங்களில் வெள்ளைத் துணி கட்டுவோம். துணியை ஒட்டிப் போனால் ஆபத்தில்லை. அதையும் நானே கட்டினேன், ஒழுங்காக. அதனால் இரண்டு மாதம் ஒரு தோணியும் சிக்கவில்லை. தோட்டத்து மேஸ்திரி ராஜாராம், "இனி இங்க ஒனக்கு என்ன சோலி? காய் ஒலத்துற கொட்டகைக்குப் போயிரு" என்றார். மறுநாள் ஒரு துணியை அவிழ்த்துப் பக்கத்து மரத்தில் கட்டினேன். அந்த வாரமே என்னைத் தேடி ஆள் ஓடி வந்தது. பிறகு அப்படியே நடந்தது. யாருக்கும் சேதமில்லை. நான் சிக்க வைத்த ஒவ்வொரு தோணியையும் நானே விடுவித்திருக்கிறேன்.

கண்ணுச்சாமி என் தங்கை பேச்சியின் புருஷன். சிலமலையில் மாட்டுவண்டி ஓட்டியவன். அவனைத் தோட்டத்தில் சேர்த்துவிட்டதே நான்தான். துடுப்புப் பிடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, கொட்டகையில் பெண்களை வைத்துக்கொண்டு கேட்டான்.

"மச்சான், ஒங்க துணி நேத்து அங்ஙன நின்னுச்சு, இன்னிக்கி இங்ஙன நிக்கிது. என்ன, ஆடு மாதிரி மேயப் போகுதா?"

"காத்துல பறந்திருக்கும் மாப்ளே."

"முடிச்சும் சேந்தா பறந்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். ராஜாராமும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கொட்டகுடி ஆற்று மணலில் சக்கரம் புதைந்தால், யோசிக்காமல் இறங்கித் தோள் கொடுப்பார்கள். சிக்கிய இடத்தில் ஆழம் இருக்காது என்பது அவர்கள் கணக்கு. ஆற்றில் அது சரி. இங்கே தோணி நிற்பது தரையில் அல்ல, மர உச்சியில். கீழே ஏழெட்டு ஆள் ஆழம்.

திங்கட்கிழமை காலையில் பனி இறங்கியிருந்தது. அவன் கவனித்த துணியை விட்டுவிட்டு வேறொன்றை மாற்றிக் கட்டினேன். அவன் ஓட்டிய தோணி சிக்கியது. அதில் மூட்டைகளும், காய் பறிக்கும் அய்யம்மாளும். கூப்பிட்டார்கள். என் தோணியில் போய்ப் பத்து முழம் தள்ளி நின்றேன். அவன் ஏற்கெனவே வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான், உடம்பில் கம்பளி.

அய்யம்மாள் உங்களிடம் சொன்னது சரிதான். அவனாகக் குதிக்கவில்லை. கேட்டான்.

"மச்சான், ஆழம் எம்புட்டு?"

"இடுப்பளவுதான் மாப்ளே. எறங்கித் தள்ளு."

இறங்கினான். ஓர் ஆள் பாரம் குறைந்ததும் தோணி விரற்கடை எழும்பித் தானாகவே மரத்தை விட்டு நகர்ந்தது. என் உதவி தேவைப்படவில்லை. அவன் ஒருமுறை மேலே வந்தான். கம்பளி தலையில் சுற்றியிருந்தது. கயிறு என் கையில்தான் இருந்தது. அது தோணிக்கான கயிறு.

பேச்சியிடம் நானே வந்து சொன்னேன். அவளை இனி நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயம். வியாழக்கிழமை மூட்டைத் தோணி வருகிறது. பெண்கள் பதினைந்து பேர் ஏறுவார்கள். அந்தத் துணி நான் மாற்றிக் கட்டிய இடத்திலேயே இருக்கிறது. எந்த மரம் என்று சொன்னாலும் உங்களுக்கு விளங்காது. அதற்குள் என்னை மலைக்கு அனுப்பிவிடுங்கள். அவர்களை விடுவிக்க அங்கே வேறு ஆள் இல்லை, ஐயா.