நெட்டை விட்டவர் பேசுகிறார்

— "அன்பார்ந்த வியாபாரிகளே, நான் ஒரு குடிகாரன்!" எப்படி, ஆரம்பமே தூக்குதா?

— இருமல் மருந்து ரெண்டு மூடி குடிச்சாலே சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிற ஆளு நீங்க. யாரு நம்புவா?

— கேளு, கேளு. கொஞ்சம் இடைவெளி விட்டு, "ஆனால் நான் குடித்தது சாராயம் அல்ல, இண்டர்நெட்!"னு போடுவேன். கைதட்டல் அள்ளும்.

— அள்ளும், அள்ளும். அந்தப் போர்வையோட முனையை ஒழுங்காப் பிடிங்க. பேச்சு சுவாரசியத்துல எல்லாம் சுருண்டு போகுது.

— மடிக்கிறேன்ல? துணி மடிச்சா மணிக்கட்டுக்கு நல்லதுன்னு நீதான போன்ல பார்த்துச் சொன்னே. அன்னில இருந்து விடாம மடிக்கிறேன். வலி போன இடம் தெரியல.

— சரி சாமி. மேல சொல்லுங்க. நாளைக்கு சங்கத்து மேடையில போய் உளறக்கூடாதுல்ல. நான் இஸ்திரி போட்டுக்கிட்டே கேக்கறேன்.

— ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனைக் கூப்பிட்டு மேடை ஏத்தறாங்கன்னா சும்மாவா? "வலையிலிருந்து விடுதலை." தலைப்பு செயலாளர் வெச்சது. இந்தக் கடைவீதியிலயே நெட்டை முழுசா விட்ட ஒரே வியாபாரி நான்தானாம். உன் தம்பி முன்வரிசையில வந்து உக்காருவான். "மாமா ஒரு மாசம் தாங்க மாட்டார்"னு தெரு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன். அவன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு மேல இருந்து பார்க்கணும்.

— அவனை விடுங்க. நீங்க எப்படிக் கெட்டுப்போனீங்கன்னு சொல்லுங்க. ஜனங்க அதைக் கேக்கத்தான் வரும்.

— வரிசையா வரேன். முதல்ல மெயில் காலம். "இதைப் பத்து பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும்"னு வரும். நான் எதுக்கு வம்புன்னு இருபது பேருக்கு அனுப்புவேன்.

— எனக்கும் அனுப்புவீங்க. ஒரே சோபாவுல உக்காந்துக்கிட்டு.

— கெட்டது உனக்கும் நடக்கக்கூடாதுல்ல? அடுத்தது சண்டைக் காலம். யாரோ ஒரு அம்மா கேக் செய்யற வீடியோ போட்டிருந்தாங்க. கீழ ஒருத்தன் "முட்டை இல்லாமலும் வரும்"னு எழுதினான். எனக்கும் அவனுக்கும் வாரக்கணக்குல சண்டை. நான் வாழ்க்கையில ஒரு முட்டைகூட உடைச்சதில்ல.

— அவன் உங்களை அரைவேக்காடுன்னு திட்டினான்னு அன்னிக்குச் சாப்பிடாமப் படுத்தீங்க.

— அதை மேடையில சொல்ல வேணாம். அப்புறம் நோய்க் காலம். விக்கல் வந்தாத் தேடுவேன். முதல் பக்கத்துல தண்ணி குடின்னு இருக்கும். அது எனக்குத் திருப்தியா இருக்காது. மூணாவது பக்கம் போறதுக்குள்ள எனக்கு ஆயுசு முடிஞ்சிருக்கும்.

— நான் வேலை பார்க்கற கிளினிக்குக்குப் போன் போட்டு, "கடைச் சாவி அலமாரியில இருக்கு, தைரியமா இரு"ன்னு சொன்னீங்களே, அந்த விக்கல்தான?

— அதேதான். நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள நின்னுபோச்சு. அப்புறம் நட்சத்திரக் காலம். விமர்சனம் படிக்காம ஒரு துடைப்பம்கூட வாங்கமாட்டேன். படிக்கறது போதாதுன்னு நானே எழுத ஆரம்பிச்சேன். பூங்காவுக்கு ரெண்டு நட்சத்திரம் கொடுத்தேன். "மரங்கள் அதிகம், வெயில் போதவில்லை."

— எங்க பல் கிளினிக்குக்கு மூணு கொடுத்தீங்க. "வரவேற்பில் இருக்கும் பெண்மணி திறமைசாலி, ஆனால் சிரிப்பதில்லை." டாக்டர் என்னைக் கூப்பிட்டு விசாரிச்சார்.

— பேரு போடாமத்தான எழுதினேன்? நான்தான்னு எப்படிக் கண்டுபிடிச்சே?

— "இவருடைய கணவர் கொடுத்துவைத்தவர்"னு கடைசி வரி எழுதினா தெரியாதா?

— உணர்ச்சிவசப்பட்டுட்டேன். சரி, நாலாவதா, அஞ்சாவதா?

— எண்ணாதீங்க. சொல்லுங்க.

— வேகக் காலம். எல்லா வீடியோவையும் ரெட்டை வேகத்துல பார்த்துப் பழகிட்டேனா, கடைக்கு வர்றவங்க பேச்செல்லாம் இழுவையாத் தெரிஞ்சுது. ஒரு பெரியவர், "தம்பி, எனக்கு... கிட்ட இருக்கிறது..."ன்னு ஆரம்பிச்சார். அவர் வாக்கியத்தை முடிக்கறதுக்குள்ள படிக்கிற கண்ணாடியை மாட்டிக் கடை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டேன். பாவம், அவர் சொல்லவந்தது "நல்லாத் தெரியுது, தூரத்துலதான் தெரியல"ன்னு.

— கடைக்கு வந்த அந்த அம்மா கதைக்கு வாங்க.

— வரேன், வரேன். அதுதான் உச்சக்கட்டம். குட்டிக் குட்டி வீடியோ. விரலை மேல தள்ளினா அடுத்தது. பிடிக்கலையா, இன்னொரு தள்ளு. ஒரு நாள் ஒரு அம்மாவுக்கு முகத்துல பிரேம் வெச்சு அளவு பார்த்துக்கிட்டு இருக்கேன். அவங்க மருமகள் கதையை எடுத்தாங்க. என் விரல் தானாப் போய், அவங்க தாடையில இருந்து நெத்தி வரைக்கும் ஒரு தள்ளு.

— கடவுளே.

— அடுத்த ஆள் வரல. அதே அம்மாதான் இருந்தாங்க. கையில குடையோட.

— எங்க கிளினிக்குக்கு இன்னும் வர்றாங்க. என்னைப் பார்த்தாலே தாடையைப் பொத்திக்கறாங்க.

— அன்னிக்குச் சாயந்திரமே முடிவெடுத்தேன். போனை உன் தம்பிகிட்டயே தூக்கிக் கொடுத்தேன். பட்டன் போன் வாங்கினேன். மறுநாள் ஆளை வரச்சொல்லி வீட்டு இணைப்பையும் வெட்டி எறிஞ்சேன். அந்த முதல் வாரம் நான் பட்ட பாடு! செய்தித்தாள்ல போட்டோவை ரெண்டு விரலால பெருசு பண்ணப் பார்த்தேன். பொழுது போகலைன்னா ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து மூடினேன்.

— திறந்து பார்த்து மூடினா பரவாயில்ல. "புதுசா ஒண்ணும் வரல"ன்னு என்கிட்ட வந்து சொன்னீங்க.

— கேளு, இந்த இடத்துல குரலைத் தாழ்த்திக்குவேன். "நண்பர்களே, சாப்பாட்டு மேசையில் என் மனைவி எதிரில் அமர்ந்திருப்பாள். நான் அவளைப் பார்த்ததே இல்லை"ன்னு சொல்லுவேன்.

— ம்.

— என்ன, சரியில்லையா?

— இல்ல, நல்லாத்தான் இருக்கு. நிஜமே அதுதான? மேசைக்கே வராத நாளும் உண்டு. சாப்பாடு ஆறுதுன்னு சமையலறையில இருந்து மெசேஜ் அனுப்புவேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒண்ணு வரும். ஆள் வரமாட்டீங்க. நானும் கொஞ்ச நேரம் அந்தக் கட்டைவிரலையே பார்த்துட்டு, தனியாச் சாப்பிட்டுப் போய்ப் படுத்துடுவேன்.

— தெரியும்மா. நினைச்சா வெக்கமாத்தான் இருக்கு. சரி, இதுக்கு அடுத்து ஒரு கணக்கு சொன்னா எடுபடும். ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனை எடுத்துப் பார்க்கறான்? கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்.

— இருங்க... சுத்துது, சுத்துது... நூத்தி நாப்பத்தி ரெண்டு.

— அப்படிப் போடு! அப்புறம் நாளைக்கு மழை இருக்கா? அந்த மண்டபம் ஒழுகும்.

— மழை இல்ல. காத்து மட்டும்.

— அப்புறம் இந்தக் கைதட்டறதை முதன்முதல்ல யார் ஆரம்பிச்சான்னு...

— ஏங்க, இஸ்திரிப்பெட்டி கையில இருக்கு.

— அதை வெச்சுட்டுப் பாரு.

— நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க நிஜமாவே நெட்டை விட்டீங்களா?

— என்ன இப்படிக் கேட்டுட்டே? சங்கமே சொல்லுது.

— காலையில பல்லு தேய்ச்சுக்கிட்டே "திமிங்கலம் எப்படித் தூங்கும், பார்த்துச் சொல்லு". நான் குளிக்கப் போனாக் கதவைத் தட்டி, "அந்தப் பழைய நடிகர் உயிரோட இருக்காரா?" கிளினிக்ல ஒரு ஆள் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு அழறார், போன் அடிக்குது, எடுத்தா, "வெங்காயம் வெட்டினா ஏன் கண்ணு எரியுதுன்னு கஸ்டமர் கேக்கறாங்க." முன்னாடி போனைத் தேய்ச்சீங்க. இப்ப என்னைத் தேய்க்கறீங்க. பக்கத்து மருந்துக்கடைக்காரர்கிட்ட நெட் இருக்குல்ல, அவரைக் கேளுங்களேன்.

— கேட்டுப் பார்த்தேன். அவர் ஒரே வரியில சொல்லிட்டுப் போயிடறார். ருசியே இல்ல. நீ சொன்னாத்தான் நெட்டு எனக்குப் புரியுது.

— ஆமா, ஆமா.

— இல்லம்மா, இரு. நீ சொல்றது சரி. குடிகாரன் குடியை விட்டுட்டேன்னு சொல்லிட்டு, பொண்டாட்டியைக் குடிக்க வெச்சு, அவளை ஊதச்சொல்லி மோந்து பார்த்த கதையால்ல இருக்கு இது?

— அடச்சீ, பேச்சைப் பாரு.

— சுத்தப் பித்தலாட்டம். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மேடை ஏறுவேன்? செயலாளருக்கு இப்பவே போன் போட்டு வரலைன்னு சொல்லிடறேன். காலையில முதல் வேலையா ஒரு நல்ல போன் வாங்கிடறேன். வீட்டு இணைப்பையும் திரும்பப் போட்டுடலாம்.

— இப்ப எதுக்கு அதெல்லாம்?

— உன்னைப் படுத்தாம இருக்கத்தான். எனக்கு வேணுங்கறதை நானே தேடிக்கறேன். ஒரு மூலையில பேசாம உக்காந்துக்கறேன். உனக்கும் நிம்மதி.

— வேணாம்.

— என்ன வேணாம்? இப்பத்தான திட்டினே?

— திட்டினேன். ஒரு மனுஷி புருஷனைத் திட்டக்கூட உரிமை இல்லையா? அதுக்குப் போய் போன் வாங்கறேன்னு கிளம்பறதா?

— உன்னைப் பார்த்தாப் பாவமா இருக்கும்மா. உன் போன்ல இருக்கிற டேட்டா எல்லாம் எனக்கே கரையுது.

— ஒண்ணும் கரையல.

— எப்படிக் கரையாம இருக்கும்? நாள் பூரா பார்த்துப் பார்த்துச் சொல்றியே?

— அந்தப் போர்வையைக் கீழ வெச்சுட்டு உக்காருங்க. கோபப்படக்கூடாது.

— பீடிகை பலமா இருக்கே?

— நீங்க வீட்டு இணைப்பை வெட்டி எறிஞ்சீங்கல்ல? என் போனுக்கும் அதுல இருந்துதான் வந்துக்கிட்டு இருந்துச்சு. வெட்டும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? என்னோடது வெறும் பேசற பிளான். அன்னில இருந்து என் போன்லயும் நெட் கிடையாது.

— விளையாடாத.

— பிடிங்க. நீங்களே பாருங்க.

— ஒண்ணுமே வரலையே! அப்ப அந்த "சுத்துது, சுத்துது"?

— நான் யோசிக்கிற நேரம்.

— நூத்தி நாப்பத்தி ரெண்டு?

— நூறுன்னு சொன்னா நம்பமாட்டீங்க. கூட கொஞ்சம் சில்லறை சேர்த்தேன்.

— மழை?

— ஜன்னலைப் பார்த்தேன்.

— ஐயோ, திமிங்கலம்! ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டுத் தூங்கும்னியே! கடைக்கு வந்த அத்தனை பேர்கிட்டயும் சொல்லியிருக்கேன். ஒரு வாத்தியார் பாராட்டிட்டுப் போனார்!

— நீங்க பஸ்ல அப்படித்தான் தூங்குவீங்க, இறங்கற இடம் தவறக்கூடாதுன்னு. கடல்லயும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்.

— மணிக்கட்டு?

— வலி போச்சா இல்லையா?

— வெந்நீர்ல பாத்திரம் கழுவினா விரல் நரம்பு இளகும்னு சொன்னியே? வெளிநாட்டு ஆராய்ச்சின்னு வேற சொன்னே!

— அது கொஞ்சம் ஓவர்தான். ஒத்துக்கறேன்.

— அடிப்பாவி! எப்படி இப்படிக் கூசாம...

— டாக்டர் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டார். வலியில துடிக்கிற ஆளைப் பார்த்து, "இதோ, வந்துக்கிட்டே இருக்கார்"னு முகத்துல ஒரு சுருக்கம் இல்லாமச் சொல்லி உக்கார வைக்கிறவ நான். எனக்கு இதெல்லாம் ஒரு பெரிய வேலையா?

— இரு, இரு. தலை சுத்துது. அப்ப நான் நிஜமாவே நெட்டை விட்டுட்டேனா?

— சுத்தமா. இந்த வீட்டுல ஒரு சொட்டு கிடையாது. தாராளமா மேடை ஏறுங்க.

— ஆனா இத்தனை மாசமா எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுகூட நிஜமில்லையே!

— அதுக்கு முன்னாடி தெரிஞ்சது மட்டும்?

— அதுவும் சரிதான். சிரிக்காத. எனக்கும் சிரிப்பு வருது. ஒண்ணே ஒண்ணு சொல்லு. "தெரியாது"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே? எதுக்கு உனக்கு இந்தப் பாடு?

— சொன்னேங்க. முதல் தடவை கேட்டப்போ தெரியாதுன்னுதான் சொன்னேன். "ஓ"ன்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க. எனக்கு மனசு கேக்கல. "இருங்க, பார்த்துச் சொல்றேன்"னு சும்மா போனைக் கையில எடுத்தேன். சட்டுனு திரும்பி, கண் கொட்டாம என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னீங்க. எத்தனை வருஷம் ஆச்சு நீங்க அப்படிப் பார்த்து! அதுக்கப்புறம் எனக்குத் தெரியாததுன்னு ஒண்ணுமே இல்லாமப் போச்சு.