படிக்கட்டுக்கு அடியில் ஒரு சர்வர்

வீட்டில் ஒரு சர்வர் வைப்பது எல்லாரும் நினைக்கிற மாதிரி பெரிய வித்தை இல்லை, சம்பந்தி. ஒரு பழைய கம்ப்யூட்டர், இரண்டு ஹார்ட் டிஸ்க், நல்ல கேபிள், கொஞ்சம் பொறுமை. இவ்வளவு இருந்தால் ரிட்டயரான யாரும் செய்யலாம். நீங்களும்கூடச் செய்யலாம், பொழுது நன்றாகப் போகும்.

நேற்று போனில் "ஏன் சம்பந்தி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கும் ஆசைதான். வாயால் சொன்னால் முன்னுக்குப் பின் குழம்பும் என்று எழுதுகிறேன்.

நான் முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தது உங்களுக்குத் தெரியும். காலை எட்டு மணிக்கே என் ஜன்னலில் ஆள் நிற்கும். எங்கள் ஸ்டோரில் ஒரு பழக்கம் உண்டு. பத்து ஜோடி கையுறை கேட்டால் நாலு ஜோடிதான் கொடுப்போம். உள்ளே மூட்டை மூட்டையாகக் கிடக்கும். இருந்தாலும் "சரக்கு வரணும்ப்பா, வியாழக்கிழமை வா" என்போம். ஒரேயடியாகக் கொடுத்தால் கண்ட இடத்தில் போட்டுவிடுவான். நாலு வாங்கிப் போனவன் வியாழக்கிழமை வந்து, "என்னண்ணே, சாப்பிட்டீங்களா? முதுகுவலி எப்படி இருக்கு?" என்று கேட்பான். பத்தும் வாங்கிப் போனவன் அப்புறம் என் ஜன்னல் பக்கம் தலைகாட்டவே மாட்டான்.

ரிட்டயரான பிறகு நானும் என் வீட்டுக்காரியும் எதிரெதிரே உட்கார்ந்து ஈ ஓட்டினோம். அந்த ஈயாவது தவறாமல் வந்ததென்றால், நான் மூடாமல் வைத்த சர்க்கரை டப்பாதான் காரணம். மகன் வீடு இருபது நிமிஷத் தூரம். மகள் வீடு அதற்கும் பக்கம். "இந்த வாரம் முடியலப்பா, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவரவர் பாடு அவரவருக்கு.

அப்போதுதான் கவனித்தேன். எல்லாருடைய போனும் எப்போதும் நிரம்பி வழிந்தது. பேரன் ஒரு தும்மல் தும்மினால் நாற்பது படம். சர்வர் யோசனை அப்படி வந்தது. மகன் தூக்கிப் போட இருந்த கம்ப்யூட்டரை வாங்கித் தூசி தட்டினேன். படிக்கட்டுக்கு அடியில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், காற்றோட்டமாக ஓர் இடம் பிடித்தேன். ஆளுக்கு ஒரு ஃபோல்டர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. போனை அவரவர் வீட்டு வைஃபையில் போட்டால் படமெல்லாம் தானாக வந்து சேரும். ஒரு டிஸ்க்கில் எழுதுவது அந்தக் கணமே அடுத்ததிலும் பதியும்.

"ரெண்டு டிஸ்க் இருக்கு, ஒண்ணு போனாலும் கவலையில்ல. இங்க போட்டுட்டு போனைக் காலி பண்ணிக்கோங்க" என்றேன். ஒன்றில் அழித்தால் அந்தக் கணமே அடுத்ததிலும் அழியும் என்பதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எல்லாரும் காலி செய்தார்கள். "அப்பா, கலக்கிட்டீங்க" என்று மகன் தோளில் தட்டினான். அதற்கப்புறம் இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லை. படங்கள் மட்டும் வந்தன. அவர்கள் பூங்காவுக்குப் போனதையும் நண்பர்கள் வீட்டில் சாப்பிட்டதையும் நான் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டு நெட்வொர்க் கேபிள் கழன்றுவிட்டது. அது சத்தியமாகத் தற்செயல். எனக்கே தெரியாது. ஒரு மணி நேரத்தில் மகன், மருமகள், மகள், பேரன், எல்லாரும் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் வாசலில் நிற்கிறார்கள். யாருக்கும் ஒரு படமும் திறக்கவில்லையாம். நான் குனிந்து பார்த்தபோதே கேபிள் தெரிந்தது. செருகினால் இரண்டு நொடி வேலை. ஆனால் பின்னால் வீடு நிறைய ஆள். யாரோ செருப்பை மாற்றிப் போட்டதற்குப் பேரன் சிரிக்கிறான். வீட்டுக்காரி அடுப்பில் பெரிய பாத்திரத்தை ஏற்றுகிற சத்தம் கேட்கிறது. அந்தப் பாத்திரத்தை அவள் எடுத்து எத்தனை மாதம் ஆயிற்று.

"டிஸ்க்ல கோளாறு. பதறாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா மீட்டுடலாம். ஞாயிற்றுக்கிழமை வாங்க" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. பழக்கதோஷம்.

சாயங்காலம் அவர்கள் போனதும் கேபிளைச் செருகி, எல்லாவற்றையும் எனக்கு மட்டும் திறக்கிற ஒரு ஃபோல்டருக்கு மாற்றினேன்.

அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளைப் பற்றி நீங்களே உங்கள் மகளிடம் கேட்டுப்பாருங்கள். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருந்ததே இல்லை. கூடத்தில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, மீண்டது இத்தனை சதவீதம் என்று எழுதுவேன். வாரத்துக்கு ஒரு சதவீதம். ஆளுக்கு நாலு படம். படம் வரும்போதெல்லாம் கைதட்டல். அண்ணனும் தங்கையும் பழையபடி சண்டை போட்டுச் சீட்டாடினார்கள். என் வீட்டுக்காரிக்கு மூட்டுவலி இருந்ததே மறந்துபோயிற்று.

உங்கள் மகள்தான் கொஞ்சம் அவசரப்பட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டம்மா, காலமாவதற்கு முந்தின மாதம், தையல் மிஷினில் நூல் கோக்கச் சொல்லித் தருகிற வீடியோ. ஆறு நிமிஷம் நாற்பது நொடி. அம்மாவின் குரல் இருப்பது அது ஒன்றில்தானாம். நான் சொன்னேன் என்றுதான் போனிலிருந்து அழித்திருந்தாள். ஒவ்வொரு வாரமும் உள்ளே வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்பாள்.

"மாமா, அம்மா வந்தாங்களா?"

"இன்னும் இல்லம்மா. வந்துடுவாங்க."

அந்த வீடியோவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், சம்பந்தி. அருமையான மனுஷி. ஊசித் துளையில் நூல் நுழையாமல் போகும்போது, "உங்கப்பாவைக் கட்டிக்கிட்டு குடும்பம் நடத்தினதுக்கு இது ஒண்ணும் கஷ்டமில்ல" என்று சிரிக்கிறார்கள். எனக்கே கண் கலங்கியது. ஆறாவது வாரம் அதிலிருந்து ஒரு காட்சியை மட்டும் படமாக எடுத்துக் கொடுத்தேன். உங்கள் மகள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க சமையலறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். "சத்தம் கடைசியாத்தான் வரும்மா" என்றேன்.

பதினேழாவது வாரம், "அம்மா குரல் மறந்துட்டே வருது மாமா" என்றாள். அப்படிச் சொன்னபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மறக்க மறக்கத்தானே கிடைக்கிறபோது அருமை தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அன்றைக்கு அவளுக்கு இரண்டு படம் கூடுதலாகவே கொடுத்தேன்.

ஒரு திங்கட்கிழமை அவள் போன் செய்தாள். டிஸ்க்கைப் பிரித்துத் தகவலை எடுக்கிற நிபுணர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டாளாம். புதன்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டு வந்து பெட்டியைத் தூக்கிப் போவாளாம். "நீங்க பாவம், தனியா எவ்வளவு கஷ்டப்பட்டீங்க மாமா" என்றாள்.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப்பாருங்கள். டிஸ்க்கில் ஒரு கீறல்கூட இல்லை என்று அந்த நிபுணர் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பார். அப்புறம் எந்த முகத்தோடு ஞாயிற்றுக்கிழமை? என்னைப் பொய்யன் என்பார்கள், குடும்பமே உடையும். அதைத் தடுக்க ஒரே வழி, நான் சொன்னதை உண்மையாக்குவதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை, குளித்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். டிஸ்க் முழுவதையும் வெறும் பூஜ்யங்களால் நிரப்புகிற ஒரு கட்டளை இருக்கிறது. நானே டைப் செய்தேன். இரண்டு டிஸ்க்கையும் துடைத்து முடிக்கச் சாயங்காலக் காபி நேரம் ஆகிவிட்டது. பேரனின் முதல் நடை, மகளின் கல்யாணம், என் வீட்டுக்காரியின் இளவயதுப் படங்கள், எல்லாம் அதில்தான். இடையில் அவள் வந்து, "என்னங்க, நல்லா வேலை செய்யுதா?" என்று கேட்டாள். நன்றாகத்தான் வேலை செய்தது.

இங்கேதான் ஒரு பிசகு. கெட்டுப்போன டிஸ்க் ஒரு மாதிரி இருக்குமாம், துடைத்த டிஸ்க் வேறு மாதிரி இருக்குமாம். "இது பழுதில்லைங்க. யாரோ நிதானமா உக்காந்து அழிச்சிருக்காங்க" என்று நிபுணர் உங்கள் மகளிடமே சொல்லிவிட்டார். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரி ஒரு பையோடு மகன் வீட்டுக்குப் போய் நாலு நாள் ஆகிறது. மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், எடுக்க எப்படியும் வருவாள்.

ஆமாம், எல்லாவற்றையும் நான்தான் அழித்தேன். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, சம்பந்தி. உங்கள் வீட்டம்மாவின் வீடியோவை மட்டும் திங்கட்கிழமையே ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டேன். பத்திரமாக இருக்கிறது. உங்கள் மகளிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள். முடிந்தால் நீங்களும் கூட வாருங்கள், எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கலாம்.

அவ்வளவையும் ஒரே நாளில் கேட்டால் பெண் தாங்க மாட்டாள் என்பதால், பத்துப் பத்து நொடியாக நாற்பது துண்டு போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள்.