வெள்ளைச்சாமியின் நெஞ்சுப்படம்

நான் நன்றாக இருமுவேன், டாக்டரம்மா. எங்கள் ஓசூர் லைன் வீட்டில் காலை ஷிஃப்டுக்காரர்கள் யாரும் அலாரம் வைப்பதில்லை. "அண்ணே, எங்களுக்கும் சேத்து நீங்களே இருமிர்றீங்க" என்பான் பக்கத்து வீட்டு வெள்ளைச்சாமி. சிவகங்கைப் பக்கத்து ஆள். ஒருநாளும் இருமியதில்லை.

இப்போது இருமி இருமிக் குடல் அடிவயிற்றைத் தள்ளிக்கொண்டு தொடையிடுக்கில் எட்டிப் பார்க்கிறது. நுரையீரலும் ஓட்டை விழுந்து சுருங்கிவிட்டது என்கிறீர்கள். விலாவில் குழாயோடு படுத்து, கட்டிலடிப் பாட்டிலில் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறேன். ஐம்பது வயதில் நல்ல விளையாட்டு.

எப்போதிருந்து இருமல் என்று கேட்டீர்கள். மூன்று வருடம் முன்பு, 2006இல், எங்கள் வார்ப்படக் கம்பெனியில் பர்மனென்ட் ஆக்குவதற்கு எல்லோருக்கும் எக்ஸ்ரேயில் நெஞ்சுப்படம் எடுத்தார்கள். அப்போதே இருந்தது. படத்தில் நம்பர் மட்டும் இருக்கும். பெயர் எழுதிய கவரில் போட வேண்டும். நான் நாற்பது வயதில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றவன். "வெங்கடப்பா, நம்ம செக்‌ஷன்ல படிச்சவன் நீதானப்பா, பாத்துப் போடு" என்றார் சூப்பர்வைசர். என் வாழ்நாளில் கிடைத்த ஒரே எழுத்து வேலை.

பதினேழு நான், பதினெட்டு வெள்ளைச்சாமி. ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பதினெட்டு துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பதினேழில் சுண்ணாம்பு தெறித்திருந்தது. கவர் மாற்றிப் போட்டேன். கவரில் பெயர் இருந்தால் நம்பரை யார் பார்க்கிறார்கள்?

அவனுக்கு டிபி என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள். எனக்குப் பர்மனென்ட்.

"நான் இருமறதே இல்லையேண்ணே?"

"சில பேருக்கு உள்ளுக்குள்ளயே இருக்கும்டா. வெளிய காட்டாது."

தினமும் காலையில் தண்ணீர் டம்ளரோடு போய், அவன் மாத்திரை விழுங்கும்வரை நின்றேன். மூன்றாம் மாதம் கண் மஞ்சளாயிற்று. சோறு பிடிக்கவில்லை. "கிருஷ்ணகிரி போயி இன்னொரு படம் எடுத்துப் பாக்கட்டுமாண்ணே?" என்றான். "நடுவுல நிறுத்துனா நோவு திரும்பிக்கும்டா" என்றேன். அதுகூட வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசில் நான் எழுத்துக்கூட்டிப் படித்ததுதான்.

ஐந்தாம் மாதம் போய்விட்டான். ஈரல் கெட்டுப்போனதாம். "கூடப்பொறந்தவன்கூட இப்பிடிப் பாத்திருக்க மாட்டான்" என்று அவன் மனைவி வீரலட்சுமி என் கையைப் பிடித்து அழுதாள். நானும் அழுதேன். அழுதால் இருமல் வரும். அன்று துக்க வீட்டில் என் சத்தம்தான் பெரிது.

அப்புறம் கம்பெனி அனுப்பிய எந்த டாக்டரிடம் போனாலும் கம்பெனி ஃபைலைப் பார்த்து, "உங்க நெஞ்சு சுத்தமா இருக்கே, பீடிய விடுங்க" என்று டானிக் கொடுத்து அனுப்பினார்கள். நான் பீடியே குடித்ததில்லை. அந்தச் சுத்தமான நெஞ்சு யாருடையது என்று எப்படிச் சொல்வேன்?

இப்போது நீங்களும் அவன் விழுங்கிய அதே சிவப்பு மாத்திரையை எழுதியிருக்கிறீர்கள். சாப்பிடுகிறேன். ஆனால் முதலில் என் ஈரலைச் சோதித்துவிடுங்கள், டாக்டரம்மா. பாவம், வெள்ளைச்சாமிக்கு அதைப் பார்க்க ஆளில்லாமல் போய்விட்டது.