பெட்ரோல் மூடியில் ஒரு சந்தனப் பொட்டு

என் சட்டைக்கு மேல் பொத்தான் கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஊக்குதான். ஒரு பொத்தான் தைக்கச் சோம்பலா என்று வீட்டில் ஏசுவார்கள். மெக்கானிக்குக்குப் பொத்தானைவிட ஊக்கு உபயோகமானது என்று அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

தண்டாயுதபாணி செட்டியார் மலேயாவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு காரைக்குடிக்குத் திரும்பியவர். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். மரச்சட்டம், மேலே துணி, ஏலத்தில் எடுத்த பழைய என்ஜின். அறுபத்தாறாம் வருஷம் விமானம் தயார். இறக்கை அவர் வேலை, என்ஜின் என் வேலை. பறந்தால் அது செட்டியார் விமானம். நின்றால் கோட்டைச்சாமி என்ஜின். ஊர் அப்படித்தான் பிரித்துக் கொடுத்திருந்தது.

பெட்ரோல் டாங்க் மூடியில் சின்னத் துளை ஒன்று உண்டு. அதன் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அடைத்துக்கொண்டால் என்ஜின் கிளம்பும், ஐந்தாறு நிமிஷம் ஓடும், பிறகு நின்றுவிடும். குளவி அதில் மண் வைக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் பறக்குமுன் ஊக்கால் ஒரு குத்துக் குத்துவேன்.

என்னை ஒரு தடவை மேலே கூட்டிப்போவதாகச் செட்டியார் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன மாதம் டீக்கடையில், "என்னய எப்ப கூட்டிப் போகப்போறீக?" என்று கேட்டுவிட்டேன். "கிரீஸ் கைக்கு ஆகாசம் எதுக்குப்பா?" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆயுத பூஜைக்கு அவர் மனைவி கண்ணம்மை ஆச்சி விமானத்துக்குப் பொட்டு வைத்தார்கள். நெற்றி மாதிரித் தெரிந்த இடத்துக்கெல்லாம் குழைத்த சந்தனம். நான் சற்றுத் தள்ளியே நின்றுகொண்டேன். பெட்ரோல் மூடிக்கும் ஒன்று, சரியாகத் துளைமேல். என் ஸ்பானர்கள் எல்லாம் சாமி முன்னால் போயின. விடிவதற்குள் சந்தனம் இறுகிவிட்டது.

விஜயதசமி காலையில் ஓடுதளத்துக்கு வந்த செட்டியார், "எல்லாம் பாத்துட்டியா?" என்றார்.

"ஆயுதமெல்லாம் பூசையில இருக்கு முதலாளி. இன்னும் எடுக்கல." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"சரி, ஏறு கோட்டைச்சாமி. அன்னைக்கு அப்படிப் பேசுனது எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. இன்னைக்கு நீதான் எங்கூட வார."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "மொதல்ல நீங்க ஒரு சுத்துப் போயிட்டு வாங்க. எம்புட்டு உசரத்துக்கு நான் கண்ணுக்குத் தெரியுறேன்னு பாத்துச் சொல்லுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே ஏறினார்.

கோவிலூர்ப் பக்கம் சத்தம் நின்றது. கடிகாரத்தைப் பார்த்தேன். நான் நினைத்ததைவிட அரை நிமிஷம் கூடுதலாக ஓடியிருந்தது. என்ஜினை அவ்வளவு நன்றாக வைத்திருந்தேன். அப்புறம் அந்தப் பனைமரங்கள்.

தன் கையால் வைத்த பொட்டுதான் அவரைக் கொன்றது என்று ஆச்சி பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் கிடக்கிறார்களாம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர்களிடம் சொல்லுங்கள், பார்த்தும் விட்டவன் நான் என்று. ஆனால் நான் வேறென்ன செய்திருக்க முடியும்? பூஜைச் சந்தனம், ஆயுதமெல்லாம் சாமி முன்னால், கையில் ஒன்றுமில்லை.

லாக்கப்பில் வைக்குமுன் உடம்பில் இருப்பதையெல்லாம் வாங்கிக்கொள்வீர்களாமே. இந்தாருங்கள், ஊக்கு. அன்றைக்கும் இதே சட்டைதான்.