ஒயரைப் பிடுங்கியது நான்தான்

என் பெயர், விலாசம் மேலே எழுதியபடி. வயது முப்பத்து நான்கு. அக்காவுடன் வசிக்கிறேன். இந்த வாக்குமூலத்தில் தொழில் என்ற இடத்தில் போலீசார் ‘நடிகை’ என்று மட்டும் எழுதினார்கள். ‘பாடகி’ என்றும் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள்.

சினிமாவில் எனக்காக வேறொருவர் பாடுவார், நான் வாயசைப்பேன். போன வருடம் நானே பாடி ஒரு ஆல்பம் வெளியிட்டேன். பஸ், சலூன், டீக்கடை எங்கும் அதுதான் ஓடியது. ஆனாலும் பாடியது வேறு யாரோ என்று பேசினார்கள். அக்கா, “ஊர்வாயை மூட உலைமூடி ஏதுடி, விடு” என்றாள். நான் விடவில்லை. பதிவு செய்த குரல் எதுவும் இல்லாமல் மேடையில் நேரடியாகப் பாடிக் காட்டுவதாக அறிவித்தேன். இப்போது புகார் கொடுத்துள்ள சவுண்டுக்காரர் படப்பிடிப்புகளில் நான் வாயசைக்கப் பாட்டு ஓட்டியவர். தெரிந்த மனிதர் என்று நானேதான் அழைத்தேன்.

அன்று மாலை அரங்கு நிறைந்திருந்தது. இரண்டாவது பாட்டில் எனக்குத் தொண்டை கரகரத்தது. உடனே சவுண்டுக்காரர் என் மைக்கை ஆஃப் செய்துவிட்டு ஆல்பத்தில் உள்ள குரலை ஓட்டினார். பழக்கதோஷம், என் உதடு ஒரு வரி முழுவதும் பிசகாமல் கூடவே அசைந்தது. சுதாரித்து வாயை மூடினேன், பாட்டு நிற்கவில்லை. கூட்டம் ‘ஓ’வென்று கத்திச் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதன் பிறகு கீழே இறங்கி அவரிடம் போய் நிறுத்தச் சொன்னேன். அவர், “உங்க மானத்தைக் காப்பாத்தத்தாம்மா போட்டேன். நடுவுல நிறுத்துனா அசிங்கமாயிடும்” என்றார். “என் மானத்தை நான் பாத்துக்கறேன், நிறுத்துங்க” என்றேன். அவர் நிறுத்தவில்லை. அதன் பிறகு அவருடைய சவுண்டு மெஷினின் ஒயரைப் பிடித்து இழுத்தேன். மெஷின் கீழே விழுந்து உடைந்தது.

அதன் பிறகு மைக் இல்லாமலே மேடையேறி, அதே பாட்டை முதலிலிருந்து பாடினேன். உச்சத்தில் குரல் உடைந்தது. நிறுத்தாமல் பாடினேன். முன்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து, பக்கத்தில் இருந்தவளிடம், “இவளேதான்டி! இரவல் குரல்னா இப்படியா உடையும்?” என்று கத்தினார். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இதைப் படித்துக் காட்டினார்கள். ‘ஆத்திரத்தில் நிதானம் இழந்து இழுத்தேன்’ என்று எழுதியிருந்தது. அப்படியே இருந்தால் கேஸ் லேசாகிவிடும் என்று எழுதியவர் சொன்னார். அந்த வரியை அடிக்கச் சொன்னேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, அத்தனையும் உண்மை. நிதானமாகத்தான் இழுத்தேன்.

(கையொப்பம்)