இரண்டு பீக்கரிலும் தண்ணீர்

ஆறிப்போன டீயை நான் குடிக்க மாட்டேன். வீட்டில் இதற்காகவே என்னைக் கிண்டல் செய்வார்கள். உங்களுக்கும் சூடாகவே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். விசாரணை என்று வந்தாலும் வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப எனக்கு மனசு வராது.

இந்த ஆசிரியர் பயிற்சி மையத்துக்கு நான்தான் பொறுப்பு. பள்ளிகளில் அறிவியலையும் கணக்கையும் தூக்கி நிறுத்த அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. நல்ல திட்டம், அதில் குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்கு ஒரு ஆய்வகப் பெட்டி, ஆசிரியருக்கு ஒரு பயிற்சி. ஆனால் பொருள் வாங்க நிதி உண்டு, தீர்ந்தால் நிரப்ப நிதி கிடையாது. ஒரு சொட்டு அமிலம் குறைந்தாலும் ஏன் குறைந்தது என்று மேலிடம் கேட்கும். செலவே ஆகாமல் வருஷக் கடைசி வந்தால் ஏன் குறையவில்லை என்றும் கேட்கும். நடுவில் உட்கார்ந்திருப்பவன் என்னதான் செய்வான்?

அதனால் நான் தண்ணீரில் பயிற்சி கொடுத்தேன். அடர் அமிலத்தை நீர்க்கச் செய்யும் பாடம் என்றால் மேசையில் இரண்டு பீக்கர் வைப்பேன். ஒன்றில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கும், அது அமிலம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று தண்ணீர். உண்மையில் இரண்டிலும் தண்ணீர்தான், குழாயில் பிடித்தது. யாருக்கும் ஆபத்தில்லை, பொருளும் குறையாது. பக்கத்து மையத்துப் பொறுப்பாளர்கூட என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

அந்த வகுப்பில் என் அக்கா மகளும் இருந்தாள். அவள் கணக்கு டீச்சர். அவள் பள்ளியில் அறிவியலுக்கு ஆள் இல்லை, அதனால் அதையும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். முதல் நாள் ஹாலுக்குள் நுழைந்ததுமே "மாமா, எங்க உட்காரட்டும்?" என்றாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுலதான்மா மாமா. இங்க சார்னு கூப்பிடணும், அதான் முறை" என்றேன். "சரிங்க சார்" என்று சிரித்தாள். அதற்கப்புறம் ஹாலில் ஒரு தடவைகூட மாமா என்று வாய் தவறியதில்லை. சொன்னால் கப்பென்று பிடித்துக்கொள்கிற பிள்ளை.

அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. ஊற்றினால் கொதித்து மேலே தெறிக்கும். இது எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அதை வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னது மறந்துபோகும், கண்டது மறக்காது என்பது என் கொள்கை. "வரிசைதான் முக்கியம், என் கையையே பாருங்க" என்று சொல்லிக்கொண்டு பீக்கரைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து டீக்காரர் உள்ளே வந்தார். தட்டை எங்கே வைக்கலாம் என்று நின்றார். நான் பீக்கரைக் கீழே வைத்தேன், இடம் ஒதுக்கிக் கொடுத்தேன், சூடு போவதற்குள் என் டீயைக் குடித்தேன், மறுபடி தூக்கினேன். டேப் இல்லாததைத் தூக்கி டேப் ஒட்டியதில் ஊற்றிவிட்டேன்.

ஒன்றுமே நடக்கவில்லை. தண்ணீரில் தண்ணீர் விழுந்தால் என்ன நடக்கும்? கூட்டத்தில் அறிவியல் படித்தவர் ஒருவர்கூட இல்லை. இருந்திருந்தால் இந்தத் திட்டமே தேவையில்லையே.

எல்லோரும் கைதட்டிவிட்டுப் போனார்கள். அக்கா மகள் மட்டும் போகவில்லை. "சார், பார்த்தா மட்டும் எனக்கு மண்டையில ஏறாது. செஞ்சு பார்த்தாத்தான் ஏறும்" என்றாள். மற்றவர்களுக்கு எப்போது வீட்டுக்குப் போவோம் என்று இருக்கும், இவளுக்கு அப்படி இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பின்னால் நின்று அவள் கையைப் பிடித்து, மெதுவாக, ஒரே தாரையாக ஊற்றச் சொல்லிக் கொடுத்தேன். கொட்டிவிட்டு நிரப்பிக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்தாள். கடைசியில் என் கை இல்லாமலே அவள் கை போனது. "இப்ப கை பழகிடுச்சு சார்" என்றாள்.

சாயங்காலம் பீக்கரைக் கழுவ எடுத்தபோதுதான் பார்த்தேன். சிவப்பு டேப் ஒட்டியது விளிம்புவரை நிரம்பியிருந்தது. மற்றது காலி. வரிசையை மாற்றிக் காட்டிவிட்டேன் என்று புரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

உடனே ஃபோனை எடுத்து ஆசிரியர்களின் குழுவில் 'ஒரு சிறு திருத்தம்' என்று தட்டினேன். அந்தக் குழுவில் மேலதிகாரியும் இருந்தார். அடுத்த கட்ட நிதி தரலாமா வேண்டாமா என்று மேலே பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பயிற்சி கொடுப்பவனுக்கே தலைகீழாகத் தெரிகிறது என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். அழித்துவிட்டேன். அவளிடமாவது நேரில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. மகள்தான் பரிமாறினாள். வாய்வரை வந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார், அவள் வீட்டுக்காரர். என்னை எதிலாவது மாட்டிவிட்டுச் சிரிப்பதில் அவருக்கு ஒரு அலாதி சந்தோஷம். "என்ன மாமா, எங்க வீட்டு விஞ்ஞானிக்கு ட்ரெயினிங் எல்லாம் எப்படி?" என்றார். "உங்க வீட்டம்மாதான் வகுப்புலயே முதல்" என்றேன். அவள் முகம் மலர்ந்துபோனது. அதற்கு மேல் எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

எப்படியும் பெட்டி பள்ளிக்குப் போனால்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் வருஷக் கடைசி வந்துவிட்டது. பெட்டிகளை அனுப்பாவிட்டால் ஒதுக்கிய நிதி திரும்பிப் போய்விடும். நானே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். கண்ணுக்குப் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடிகளை மட்டும் நிறுத்திவைத்தேன். திட்டத்தின் தொடக்க விழாவில் மேசையில் அடுக்க வேண்டும், உறை பிரிக்காமல் இருக்க வேண்டும் என்று உத்தரவு. விழா தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மற்ற பள்ளிகளில் யாரும் பெட்டியைத் திறக்கவே இல்லை. பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியர் மேசையில் போட்டுவிட்டார்கள். இவள்தான் திறந்தாள்.

பிள்ளைகளைப் பின்னால் சுவரோரம் நிறுத்திவிட்டுத்தான் செய்திருக்கிறாள். அதனால் பிள்ளைகள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டு ஊற்றியிருக்கிறாள், ஒரே தாரையாக, மெதுவாக. பாடப் புத்தகத்தில் 'அமிலத்தை நீர்க்கச் செய்க' என்று ஒரு வரிதான் இருந்தது. மீதியை அவள் கை பார்த்துக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் கட்டு. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், "நீ வந்துட்டியாடா" என்று. சின்ன வயதில் எனக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் அவள்தான். அந்தக் கையை உதற என்னால் முடியவில்லை.

"மாமா, நீங்க காட்டின மாதிரியேதான் செஞ்சேன். அப்படித்தானே காட்டுனீங்க?" என்று கட்டிலிலிருந்து மகள் கேட்டாள்.

அன்று காலைதான் மேலதிகாரி ஃபோனில் பேசியிருந்தார். "பயிற்சியில குறைன்னு போச்சுன்னா திட்டத்தையே இழுத்து மூடிடுவாங்க. பார்த்துப் பேசுங்க" என்றார். எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள். அதையும் நான் நினைக்க வேண்டியிருந்தது.

"அமிலத்தைத் தண்ணியிலதான்மா ஊத்தணும். அப்படித்தான் காட்டினேன். உனக்குத்தான் கை மாறிப்போச்சு" என்றேன்.

 "அப்ப என் தப்புதான். உங்களுக்கும் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துட்டேன் மாமா" என்றாள். மாப்பிள்ளை மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவளே அவரை அடக்கினாள். "மாமா எதுக்குங்க பொய் சொல்லப்போறாங்க?"

குழுவில் அன்றே ஒரு செய்தி போட்டேன், 'நினைவூட்டல்' என்ற தலைப்பில். அதில் வரிசை சரியாக இருந்தது.

பார்வை திரும்பவில்லை. அறிக்கையில் ஆசிரியரின் கவனக்குறைவு என்று எழுதினேன். அப்படி எழுதினால் நஷ்ட ஈடு கிடையாது, வேலையும் நிலைக்காது. அது எனக்குத் தெரியும். அதற்காகவே வேறு வழி தேடினேன். ஒவ்வொரு பயிற்சியிலும் பாதுகாப்பு பற்றிப் பேச அவளை அழைத்தேன். போக வர வண்டி ஏற்பாடு செய்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேடையில் நின்று, "என் கவனக்குறைவால எனக்கு இப்படி ஆச்சு, நீங்க ஜாக்கிரதையா இருங்க" என்பாள். ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கும். பயிற்சியிலேயே அதுதான் சிறந்த பகுதி என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த கட்ட நிதியும் வந்தது. அவளுக்கும் வீட்டிலேயே அடைந்துகிடக்காமல் ஒரு மாறுதலாக இருந்தது.

போன வாரம் ஒரு டீச்சர், "மேடம், நீங்களே ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன்" என்று கேட்டுவிட்டார். நான் டீ சொல்ல வெளியே போயிருந்தேன். திரும்பி வரும்போது அவள் மேசை முன்னால் நின்றிருந்தாள். விரலால் தடவி டேப்பைக் கண்டுபிடித்தாள். மற்றதைத் தூக்கினாள். மெதுவாக, ஒரே தாரையாக, சிவப்பு டேப் ஒட்டியதில் ஊற்றினாள். ஒரு துளி வெளியே சிந்தவில்லை.

"மேடம், மாத்தி ஊத்துறீங்க. காலையில சார் வேற மாதிரி காட்டினாரு" என்றார் அந்த டீச்சர்.

அவள் கை அப்படியே நின்றது. "பயிற்சிக்கு அப்புறம் ஒரே ஒரு தடவைதான் நான் இதைத் தொட்டிருக்கேன்" என்றாள் மெல்ல. "என் கைக்கு இப்படித்தான் தெரியும். ஒருத்தர் பின்னால நின்னு, கையைப் பிடிச்சுச் சொல்லிக் கொடுத்தது." அப்புறம் நான் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினாள். நான் வந்தது எப்படித் தெரிந்ததோ. செருப்புச் சத்தமாக இருக்கும்.

"சார்?" என்றாள்.

"டீ வந்துடும், எல்லாரும் சூடாக் குடிங்க" என்றேன் நான். ஹால் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவள் புகார் கொடுத்தாள், நீங்கள் வந்திருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். தவறாகக் காட்டியது நான். அன்று சாயங்காலமே எனக்குத் தெரியும். தெரிந்துதான் பெட்டியை அனுப்பினேன். ஆஸ்பத்திரியில் தெரிந்துதான் பொய் சொன்னேன். கண்தான் போய்விட்டது, மாமாவும் போய்விட்டான் என்று அவளுக்கு ஆக வேண்டாமே என்று நினைத்தேன், வேறொன்றுமில்லை.

நேற்று அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா உள் அறையிலிருந்து வெளியே வரவில்லை. மகள்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். "உட்காருங்க சார்" என்றாள். வீட்டில் எதற்கு சார் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. நான் பயிற்சி விஷயமாகத்தானே போயிருந்தேன். வேலை விஷயம் என்றால் அப்படிக் கூப்பிடுவதுதான் முறை. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.